பாப்பாவுக்குச் சாப்பாடு

அக்கா,

போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் பாப்பாவின் ரத்தத்திலிருந்து எடுத்த புற்றுநோய் அணுக்களை எங்கள் ஆய்வகத்தில் வளர்த்து வந்தேன் அல்லவா? எந்த மருந்துக்கும் அவை அசையவில்லை. பிடிவாதம் அப்படியே அவளுடையது. அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, "அந்தச் சனியனை எதுக்குடி வளர்க்கிற?" என்று சீறினாய். அவள் நம்மை விட்டுப் போன பிறகு, போன் செய்யும்போதெல்லாம், "பாப்பாவுக்குச் சாப்பாடு வச்சியா?" என்று கேட்க ஆரம்பித்தாய். ஞாயிற்றுக்கிழமைகூட ஓடிப்போய் ஊட்டநீரை மாற்றிவிட்டு, "வச்சாச்சுக்கா, நல்லா இருக்கா" என்பேன்.

போன வாரம் புது மருந்து வந்தது. அந்த அணுக்கள் எந்தப் புரதத்தை நம்பிப் பிழைக்கின்றனவோ, அதை மட்டும் குறிபார்த்து அடைப்பது. அவள் அணுக்கள் இருந்த தட்டுகள் எல்லாவற்றிலும் விட்டோம்.

இன்று காலை நுண்ணோக்கியில் பார்த்தேன். ஒன்றுகூட உயிரோடு இல்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். "இதே மாதிரி வர்ற அடுத்த பிள்ளைக்கு ஒரு வழி கிடைச்சிருச்சும்மா" என்றார் பெரிய டாக்டர். நானும் கைதட்டினேன். பிறகு பழக்கதோஷத்தில் ஊட்டநீர் பாட்டிலைத் திறந்துவிட்டேன்.

ராத்திரி வழக்கம்போல் போன் செய், அக்கா. வேறு எதை வேண்டுமானாலும் கேள்.

உன் தங்கை