எறியச் சொன்ன அடிக்கட்டை

போன சனிக்கிழமை முரளி ஊட்டியிலிருந்து வந்தான். ஆபீஸ் சிநேகிதர்களோடு போனவன் வர்க்கியும் தைலமும் வாங்கி வருவான் என்று பார்த்தால், ஒரு பையைத் தூக்கிச் சாப்பாட்டு மேஜைமேல் கவிழ்த்தான். கைப்பிடி அளவில் ஆறு பச்சை மொட்டுகள் உருண்டன. செதில் செதிலாக, நுனியில் முள்ளோடு. "பங்களாவுல நீ செய்வியேம்மா, அந்த ஆர்ட்டிசோக். மார்க்கெட்ல ஒரே ஒரு கடையில இருந்துது. செஞ்சு குடு" என்றான். சரி என்று தலையை ஆட்டிவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நீ கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. மஞ்சள் காமாலை முற்றிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். உன் மேனாம்பேடு வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. வந்தேன், மாலை போட்டேன், காரியத்தன்று சாப்பிட்டுவிட்டும் போனேன். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அன்றைக்கு வராத அழுகை இந்த ஆறு காய்களைப் பார்த்ததும் வந்தது. உனக்காக அழுதேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பாதி என்மேல் வந்த ஆத்திரம், மீதி உன்மேல்.

ஆவடி பாக்டரி குவார்ட்டர்ஸில் உனக்கும் எனக்கும் நடுவே ஒரு சுவர்தான். நம் வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் ஒரே ஷிப்ட்டுக்குச் சைக்கிளில் போவார்கள். நீ பூந்தமல்லிக்காரி. நான் திருவையாற்றிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். "இன்னாக்கா, உங்க ஊர்ல பேசறத்துக்கே ராகம் போடுவீங்களா?" என்று நீ கேலி செய்வாய். "நீ பேசுறதுல பாதி எழுத்தை முழுங்கிடுறியே" என்று நான் திருப்பிக் கொடுப்பேன். உன் லதாவும் என் முரளியும் ஒரே வயது. ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு.

ஆறாம் வகுப்புதான் பிரச்சினை. பாக்டரி எஸ்டேட்டுக்குள் இருந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்றோ இரண்டோ இடம். அதுவும் பெரிய ஆபீசர் யாராவது கடிதம் கொடுத்தால்தான். நீ அப்படிப்பட்ட ஒரு ஆபீசர் பங்களாவில் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்தாய். வடக்கத்திக்காரர்கள். அந்த அம்மாளை எல்லோரும் மேம்சாப் என்போம். லதாவுக்குக் கடிதம் வாங்கித் தருகிறேன் என்று அவள் உனக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அதற்காகத்தான் நீ அவளுடைய ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு அந்த அடுப்பங்கரையில் நின்றாய். லதாவை ஒரு டீச்சராகப் பார்த்துவிட வேண்டும் என்பாய். குழாயடியில், ரேஷன் கடையில், எங்கே நின்றாலும் அதே பேச்சு. எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய். முரளிக்குக் கடிதம் கொடுக்க எனக்கு யார் இருந்தார்கள்?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். நீ பங்களாவின் பின்வாசல் வழியாக மூச்சிரைக்க ஓடி வந்தாய். முந்தானைக்குள் ஒரு காய்.

"யக்கா, இத்தப் பாரேன். முள்ளுத் தாமர மாதிரி கீது. ஊட்டிலேர்ந்து கூடையில வந்துச்சு. மத்தியானம் டெல்லிலேர்ந்து பெரிய ஆளுங்க சாப்பிட வராங்களாம். வேக வெச்சு எலுமிச்சம்பழமும் எண்ணெயும் உப்பும் மொளவும் கலந்து ஊத்துன்னிச்சு. எத்த வேக வெக்கறது, எத்த எறியறதுன்னு சொல்லாமயே பார்லருக்குப் பூட்ச்சு."

"கேட்டிருக்கலாமே?"

"முன்னாடியே ரெண்டு வாட்டி கேட்டேன். வள்ளுனு உழுந்துச்சு. நீதான் படிச்சவளாச்சே, சொல்லுக்கா."

பத்தாவது வரை படித்தவள். அந்த வரிசையில் வேறு யாரும் எட்டைத் தாண்டவில்லை. எது கேட்டாலும் நான் பதில் சொல்லியே பழகிவிட்டேன். தெரியாது என்ற வார்த்தை என் வாயில் வராது. இன்றும் சுலபமாக வருவதில்லை. காயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அரிவாள்மணையில் வைத்து நெடுக இரண்டாகப் பிளந்தேன். மடல் மடலாக வெளியே. உள்ளே நெருக்கமாக, மெல்லிய நார்ப்பூ. வெட்டின இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. விரலில் கறை. எனக்குச் சந்தேகமே வரவில்லை.

"இது வாழைப்பூ ஜாதிடீ. மடலையெல்லாம் எடுத்து எறி. அடியில இருக்கிற கட்டையை நறுக்கித் தள்ளு. உள்ள இருக்கு பார், இதுதான் பூ. பொடிப்பொடியா அரிஞ்சு மோர்த் தண்ணியில போடு, கறுக்காது. அப்புறம் வேக வச்சு அவ சொன்னதைக் கலந்து ஊத்து."

நீ அந்தக் கட்டையைக் கையில் எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தாய். "இல்லக்கா, இது வெண்ண மாதிரி கீது. இத்தப் போய் எறியச் சொல்றியே? அந்தப் பூவு சொரசொரன்னு முடியாட்டம் கீது."

"நாக்குல வச்சுப் பார்."

வைத்தாய். முகம் சுளித்தாய்.

"கசக்குதா? காவிரிக்கரையில பொறந்தவளுக்கு நீ வாழைப்பூ ஆயச் சொல்லித் தரியா? போய் வேலையைப் பார்."

பச்சையாகத் தின்றால் எந்தக் கட்டைதான் கசக்காது? ஒரு சொம்புத் தண்ணீரில் அந்தத் துண்டைப் போட்டு வேக வைத்துப் பார்த்திருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. எனக்கு அது தேவை என்று தோன்றவில்லை. வேண்டுமென்றே செய்தேனா என்று பின்னால் எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். இல்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால்கூட ஒரு கணக்கில் தேவலை. வெறும் திமிர்.

மூன்று மணிக்கு நீ திரும்பி வந்தாய். வெயிலில் செருப்பில்லாமல் வந்திருந்தாய். பங்களாப் படியிலேயே விட்டுவிட்டாயாம்.

"ஒரு பெரிசு வாயில போட்டுச்சுக்கா. நாரு தொண்டையில மாட்டிகிச்சு. இருமுது, இருமுது, கண்ணுல தண்ணி ஊத்துது. அல்லாரும் தட்டத் தள்ளிட்டாங்க. நாளைலேர்ந்து வராதன்னிச்சு."

அதைக் கேட்டு நான் முதலில் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். ஐயோ என்று சொல்லவில்லை. லதாவின் கடிதம் என்ன ஆகும் என்று கேட்கவில்லை. "யார் சொல்லி இப்படிச் செஞ்சேன்னு கேட்டாளா?" என்றுதான் கேட்டேன்.

"கேட்டுச்சு. நானாத்தான் செஞ்சேன்னு சொல்லிட்டேன்."

அப்பாடா என்றிருந்தது. அதை நீ என் முகத்தில் பார்த்தாய். உன் வீட்டுக்குள் போனாய்.

பத்து நாள் கழித்துப் பங்களாவின் ஆர்டர்லி என் வாசலுக்கு வந்தார். மேம்சாப் வேறு ஆள் தேடுகிறாளாம். நன்றாகச் சமைப்பேன் என்று யாரோ சொன்னார்களாம். நான் யோசிக்கவே இல்லை. முரளி ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறான், அது ஒன்றுதான் தலைக்குள் இருந்தது. மறுநாள் காலை கிளம்பினபோது நீ குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு நின்றாய். தலையைக் குனிந்துகொண்டு போய்விடலாம் என்று பார்த்தேன். நீதான் கூப்பிட்டாய்.

"பங்களாவுக்காக்கா? ரொட்டி மாவ ரொம்ப நேரம் பெசை. இல்லாங்காட்டி தூக்கி எறியும்."

குத்திக்காட்டினாயா, உண்மையாகவே சொன்னாயா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நீ சொன்ன மாதிரியே பிசைந்தேன். அவள் தூக்கி எறியவில்லை.

கொஞ்ச நாளில் மறுபடியும் ஊட்டிக் கூடை வந்தது. இந்த முறை மேம்சாப் யாரையும் நம்பத் தயாராக இல்லை. பக்கத்திலேயே நின்று செய்ய வைத்தாள். காம்பை வெட்டு, தலையை வெட்டு, முள் நுனிகளைக் கத்தரிக்கோலால் கத்தரி, வெட்டின இடத்தில் எலுமிச்சம்பழத்தைத் தேய். மடல் அப்படியே இருக்கட்டும். உப்புத் தண்ணீரில் முழுசாகப் போட்டு முக்கால் மணி நேரம் வேக விடு, ஒரு மடலை இழுத்தால் தானாகக் கையோடு வர வேண்டும். எலுமிச்சைச் சாறு, எண்ணெய், உப்பு, நுணுக்கின மிளகு, நசுக்கின ஒரு பல் பூண்டு, அவ்வளவுதான் மேலே ஊற்றுவதற்கு. மடலைப் பிய்த்து அதில் தொட்டு, அடியில் ஒட்டியிருக்கும் சதையைப் பல்லால் வழிக்க வேண்டும். மடல் தீர்ந்ததும் அவள் ஒரு ஸ்பூனை எடுத்து அந்த நார்ப்பூவை முழுக்கச் சுரண்டிக் குப்பைக் கூடையில் போட்டாள். மிஞ்சிய அடிக்கட்டையைத் தட்டின் நடுவில் வைத்தாள். இதற்காகத்தான் இத்தனை பாடும் என்றாள்.

மிச்சமிருந்த ஒன்றை நான் தின்று பார்த்தேன். வெந்த பலாக்கொட்டைபோல இருந்தது, அதைவிட மெத்தென்று. நீ கையில் எடுத்துக்கொண்டு நின்றது அப்படியே கண்முன் வந்தது.

இனி எழுதப்போவதை உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு மேம்சாப் உன் கதையை எடுத்தாள். "உனக்கு முன்னால் இருந்த அந்த முட்டாள் எங்களுக்கு முடியைச் சமைத்துப் போட்டாள் தெரியுமா" என்று தன் தமிழில் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பல் தெரியச் சிரித்தேன். அப்போதுதான் அடுத்த வாரம் கடிதத்துக்காக அவள் புருஷன் சாபிடம் கேட்கலாம் என்று இருந்தேன்.

கடிதம் கிடைத்தது. முரளி டை கட்டிக்கொண்டு எஸ்டேட் பள்ளிக்குப் போனான். லதா ஏரிப்பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். பத்தாவதில் கணக்கில் பெயிலாகிப் போனாள். நீ டுடோரியலுக்கு அனுப்பிப் பார்த்தாய், நடக்கவில்லை. இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாளெல்லாம் சட்டைக்குக் காலர் தைக்கிறாள். சீட்டு கிடைத்திருந்தால் டீச்சர் ஆகியிருப்பாளா என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படிச் சொல்லித்தான் நான் இத்தனை வருஷம் தூங்கினேன்.

உன்மேல் ஏன் ஆத்திரம் என்றால், நீ ஒருநாளும் கேட்கவில்லை. என்னோடு பேசாமல் இருந்திருக்கலாம். குழாயடியில் நாலு பேர் பார்க்க என் மானத்தை வாங்கியிருக்கலாம். நீயோ பொங்கலுக்குக் கரும்பு அனுப்பினாய். முரளிக்கு அம்மை போட்டபோது வேப்பிலை கொண்டு வந்தாய். குவார்ட்டர்ஸை விட்டு நீ மேனாம்பேட்டுக்கும் நான் கொரட்டூருக்கும் போன பிறகும், பார்க்கும்போதெல்லாம் "வாக்கா" என்றாய். பெரிய மனசு என்று ஊரே உன்னைச் சொல்லும். எனக்கு அந்தப் பெரிய மனசைக் கண்டால் எரியும். என்னைத் திட்டாமல் விட்டே தண்டிக்கிறாள் இவள் என்றுதான் நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமையே ஆறையும் செய்தேன். வெந்த வாசனை முருங்கைக்காய் வேகிற மாதிரி வீடெல்லாம் பரவியது. ஆலிவ் எண்ணெய்க்கு எங்கே போவது, செக்கு நல்லெண்ணெயே போதும் என்று ஊற்றினேன். முரளி நாலைத் தின்றுவிட்டுச் சூப்பர் என்றான். மீதி இரண்டை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு ஞாயிறு காலையில் மேனாம்பேட்டுக்கு வந்தேன். லதா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். உட்கார வைத்து, மடலை எப்படித் தின்பது என்று காட்டினேன். நாரைச் சுரண்டிவிட்டு அடிக்கட்டையை அவள் கையில் கொடுத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வாழைப்பூ என்று நான் சொன்னதை, நீ வேண்டாம் என்றதை, நான் சிரித்ததை, முரளியின் கடிதத்தை.

அவள் மென்று முடித்தாள். பிறகு, "தெரியும் பெரிம்மா. அம்மா அன்னிக்கே சொல்லிச்சு" என்றாள்.

"அப்புறம் ஏன்டி யாருமே என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"நான் கேக்கலாம்னுதான் நெனச்சேன். அம்மாதான் உடல. 'அக்காவே மேம்சாப்கிட்ட போய்ச் சொல்லிடும், என்னைத் திரும்பக் கூப்ட்ருவாங்க, உனக்கு லெட்டர் வந்துடும், நீ வேணா பாரு'ன்னுச்சு. ஜூன் மாசம் ஸ்கூல் தொறக்கற வரைக்கும் பாத்துகினே இருந்துச்சு பெரிம்மா."

பெருந்தன்மை என்றும் தண்டனை என்றும் நான் நினைத்ததெல்லாம் தவறு. நீ என்னை நம்பினாய், அவ்வளவுதான். பதினொரு வருஷம் அந்த மேம்சாபுக்கு நாலடி தூரத்தில் நின்று சமைத்தேன். ஒரு நிமிஷம் போதும், "அவள் தப்பு இல்லை, நான்தான் சொன்னேன்" என்று சொல்ல. இப்போது சொல்லத் தயாராக இருக்கிறேன். மாற்றலாகிப் போன அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.