அறுந்த வாருக்கு அரசி சொன்ன சாட்சி

நலம் பெருகுக. மழை பருவம் தப்பாது பெய்க. வயலில் கதிரும் கொட்டிலில் குட்டியும் குறைவின்றி நிறைக.

வேங்கைமலைக்கும் அதன் அடிவார நிலங்களுக்கும் உடையவரும், வெளியர் குலத்து மூத்த மகளுமாகிய எழினிமாதேவியார், தென்வாயில் ஊர்களைக் காத்து நிற்கும் தம் இளவலார் இளவெளியருக்கு உளங்கனிந்த வாழ்த்துடன் விடுக்கும் ஓலை. அரசியார் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதுபவன் ஓலைநாயகம் தத்தன்.

இளவலாரின் ஓலை கார்த்திகைப் பிறையன்று வந்து சேர்ந்தது. எழுத்தாணி அழுந்தி ஓலை மூன்று இடங்களில் கிழிந்திருந்தது. தம்பிக்குச் சினம் வந்தால் பிள்ளைப் பருவத்திலும் இப்படித்தான் என்று அரசியார் முதலில் நகைத்தருளினார். படித்து முடித்தபின் அவர் முகத்தில் நகையில்லை.

இளவலார் எழுதியது இது. நம் முன்னோர் எடுப்பித்த பரிமேட்டு லாயத்தின் கீழைக் கூரை இந்த மழையில் சரிந்தது. குதிரைகள் ஈரத்தில் நின்று குளம்பு அழுகுகின்றன. லாயத்தை ஒட்டிய காட்சிமண்டபத்தில் வைத்துள்ள பழைய சேணங்களும் கடிவாளங்களும் பூசணம் பிடிக்கின்றன. லாயத்தார் நிலமும் மரமும் கேட்டு விண்ணப்பித்தார்கள். கொடுக்கும் மனத்தோடுதான் இளவலார் நேரில் சென்றார். மண்டபத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் லாயத் தலைவன் கொற்றன் புதிதாகப் பெயர்ப்பலகை எழுதி மாட்டியிருந்தான். பொன்னிழைத்த சேணங்களுக்கு நடுவே, சேணத்தைக் குதிரைமேல் இறுக்கிக் கட்டும் வயிற்றுவார் ஒன்று அறுந்தபடி தொங்கியது. அதன் பலகையில், பூட்டியவன் பிழையால் இவ்வார் அறுந்து பெருவெளியர் வீழ்ந்தார், பூட்டியவன் கொற்றன் என்று கண்டிருந்தது.

தந்தையார் பெருவெளியர் பகைவன் வேலால் மாண்டார் என்றே கேட்டு வளர்ந்தவர் இளவலார். அவர் பிறக்கும் முன்பே தந்தையார் போய்விட்டார். அரசரைக் கொன்றவன் கொன்ற கருவியைக் காட்சிக்கு வைத்திருக்கிறான் என்று அவர் கொதித்தார். வாரை எரிக்க வேண்டும், கொற்றன் முழுமதிக்குள் நாட்டை விட்டு நீங்க வேண்டும், அதுவரை லாயத்துக்கு ஓர் ஓடும் கிடையாது என்று ஆணை எழுதி, அரசியாரின் முத்திரை வேண்டி விடுத்தார். தான் போய்விடுவதாகவும், வாரை மட்டும் விட்டுவைக்க வேண்டும் என்றும் கொற்றன் வேண்டினானாம். அதைத் தொட்டுப் பார்த்த வீரன் எவனும் தன் குதிரையின் வயிற்றடியில் கைவைத்துப் பாராமல் ஏறுவதில்லை என்றும், அதனால் இத்தனை ஆண்டுகளில் ஒருவனும் வார் அறுந்து விழவில்லை என்றும் சொன்னானாம். இதையும் இளவலார் மறைக்காமல் எழுதியிருந்தார்.

மூன்று நாள் அந்த ஆணை முத்திரையின்றிக் கிடந்தது. அரசியார் சரியாக உண்ணவில்லை. அவையில் ஒன்று கேட்டால் வேறொன்று விடையளித்தார். நாலாம் நாள் காலை அடியேனை மட்டும் அழைத்து, இனிச் சொல்வதில் ஒரு சொல்லையும் மெருகிடாமல் எழுது என்றார்.

அந்தப் போர்க் காலையில் அரசியாருக்கு ஒன்பது வயது. தந்தையாரின் குதிரைக்குப் பூச்சூட்ட லாய வாயிலில் நின்றிருந்தார். கொற்றன் குதிரையின் வயிற்றடியில் கைவிட்டுப் பார்த்துவிட்டு, வார் நைந்திருக்கிறது உடையாரே, ஒரு நாழிகை பொறுத்தால் மாற்றிவிடுவேன் என்றான். பகைவர் ஆற்றுத்துறைக்கு வந்துவிட்டார்கள், தோலுக்கு அழும் நேரமா இது என்றார் அரசர். கொற்றன் கடிவாளத்தை விடாமல் இரண்டாம் முறையும் சொன்னான். அரசர் சவுக்கால் அவன் கையில் அடித்தார். அவன் பூட்டினான். துறையை அடையும் முன்பே வார் அறுந்தது. குதிரை தனியே திரும்பி வந்தது.

வேல் கதையை ஊருக்காகக் கட்டியவர்கள் அமைச்சர்கள். அவர்கள் தனியே விசாரித்தபோது கொற்றன், பிழை என்னுடையது என்றான். மாண்ட அரசரின் அவசரத்தை எவரும் ஏசலாகாது என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். உண்மை அறிந்த இன்னொருவர் அரசியார். முதலில் அச்சத்தால் சொல்லவில்லை. அச்சம் போன பின்பும் ஏன் சொல்லவில்லை என்பதற்கு, துயரத்தால் என்று எழுதலாமா என அடியேன் கேட்டேன். வேண்டாம், சொல்லாதிருப்பது வசதியாக இருந்தது என்று எழுது என்றார். எழுதினேன்.

ஆகவே ஆணையாவது: கொற்றனார் பரிமேட்டை விட்டு நீங்கலாகாது. லாயத்தின் கூரைக்கு அரண்மனைக் காட்டு மரத்தை இளவலார் இவ்வாரமே வெட்டுவிக்க. மேய்ச்சலுக்கும் மண்டபத்தின் பராமரிப்புக்குமாக ஏரிக்கரை நிலம் முழுவதும், அங்கே ஒரு குதிரை கனைக்கும் காலமளவும், வரியின்றி லாயத்துக்கே உரியதாகுக. வார் தொங்கும் இடத்திலேயே தொங்குக. பழைய பலகையை இறக்கி இவ்வாறு எழுதுக: வார் நைந்ததென்று கொற்றன் இருமுறை சொன்னார். அரசர் செவிகொள்ளவில்லை. அருகில் நின்ற மகள் எழினி யாவும் அறிந்தும் முப்பத்தோர் ஆண்டு வாய் திறக்கவில்லை.

இவ்வோலையை லாய முற்றத்தில் வீரர் அனைவரும் கேட்க இளவலார் தாமே நின்று படிக்க. கொற்றனார் அமர்ந்து கேட்க. படித்து முடித்ததும், பொறுத்தருள்வீரா என்று அரசியாருக்காக இளவலார் அவரிடம் கேட்க வேண்டாம். பொறுக்கச் சொல்லி அவரிடம் நிற்க வேண்டியவர் அரசியார். முழுமதியன்று பரிமேட்டுக்கு வருகிறார்.

வேங்கை முத்திரை இட்டாயிற்று.