மறுபுறம் ஆளில்லாத சுவர்

நண்பனே,

இன்று காலை பதுளை நிலையத்தில், கொழும்புக்குப் புறப்பட்ட தொடர்வண்டியின் எண்ணெய்ப் புகை முகத்தில் படிந்தது. உன் நினைவு வந்தது. கண்ணீர் வரவில்லை. நீ மறைந்த நாள்முதல் எதுவும் வருவதில்லை.

நீ குடியேறிய ஆங்கில நகரை உன் சொல்வழியேதான் கண்டேன். விண்முட்டும் பழம்பேராலயம், அதன் மணியோசை, கல் பாவிய தெருக்கள். விடிந்ததும் ஊரே தொடர்வண்டியேறி இலண்டனுக்கு வேலைக்குப் போய்விடும், இருட்டிய பின்னரே திரும்பும் என்றாய். அந்நகரில் எத்தனையோ வீடுகளிருக்க, ஒரே கூரையின்கீழ் ஒட்டி நின்ற வரிசையில் ஒன்றைத் தேர்ந்தாய். "நம்ம லயம் மாதிரியே இருக்குடா. நடுவுல ஒத்தச் செவுருதான்" என்று சிரித்தாய்.

நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், அந்த ஒற்றைச் சுவர்தானே நம் அழைப்பு மணி! உப்புக்கும் நெருப்புக்கும் தட்டுவோம். பேறுகால வலிக்கும் தட்டுவோம். தட்டிய கை தாழுமுன் அடுத்த வீட்டார் வாசலில் நிற்பர். அந்த ஆங்கில நகரிலோ நீ குழம்பு கொடுக்கத் தட்டியபோது, தம் வீட்டு இரைச்சலுக்காகத்தான் தட்டுகிறாய் என்றெண்ணிப் பக்கத்து வீட்டார் வந்து மன்னிப்புக் கேட்டார்களாமே.

நெஞ்சு வலித்த அந்தக் காலையில் உன் மனைவி மருத்துவமனைப் பணியிலிருந்தாள். மாலையில் திரும்பியவள் உன்னைச் சுவரோரம் கண்டாள். விரற்கணுக்கள் கன்றியிருந்தன. கைபேசி, எட்டும் தொலைவில், தொடப்படாமல் கிடந்தது.

உன் அக்காவிடம் சொல்லும் பொறுப்பு என்மேல் விழுந்தது. அவர் ஒன்றே கேட்டார்: "செவுத்தத் தட்டுனானா தம்பி? பக்கத்து வீட்டுல யாரும் வரலையா?"

தட்டினான், ஆளில்லை என்றேன். அந்நகரைச் சுட்டெரிக்கும் சொற்களை இரங்கல் கூட்டத்துக்கென நெஞ்சில் அடுக்கியிருந்தேன். விடியலில் வேலைக்கு ஆள்பிரிக்கும் பெரட்டில் நின்று நின்றே மூத்தவர் உன் அக்கா. அவர் சொன்னார்: "அவுங்களும் பெரட்டுக்குத்தானே போயிருப்பாங்க. யாரைக் குத்தம் சொல்ல?"

கூட்டத்தில் எழுந்தேன். உன் பெயரைச் சொன்னேன். அமர்ந்துவிட்டேன்.

அடுக்கிய சொற்கள் அப்படியே உள்ளே கிடக்கின்றன. சினமாகவும் மாறவில்லை, அழுகையாகவும் மாறவில்லை. யார்மேல் இறக்குவதென்று அறியாமல் சுமந்து திரிகிறேன்.