வெறும் சளிதான்

என்னங்க, நான் இங்கே சுகம்தான். நீங்களும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்?

பிறந்ததிலிருந்து எங்கள் ஆஸ்துமா ஆய்வில் இருக்கும் ஒரு சிறுமிக்கு ஏழு வயதாகிறது. திங்களன்று அவள் வீட்டில் பரிசோதனைக்காக மெத்தைத் தூசி எடுத்தேன். "இழுப்பு இருக்கா?" என்று கேட்டேன். "அதெல்லாம் இல்ல, வெறும் சளிதான்" என்றார் அவள் அம்மா. அவர் பின்னால் நின்ற பிள்ளையின் நெஞ்சு விசிலடித்தது. ஆய்வுப் படிவத்தில் பெற்றவர் சொல்வதைத்தான் எழுத வேண்டுமாம். 'இல்லை' என்று எழுதினேன். இப்போது பிள்ளை ஆஸ்பத்திரியில். பிழைத்துக்கொள்வாளாம், பதறாதீர்கள்.

பாப்பாவின் தலையணையை வெயிலில் போடுங்கள். போன வாரம் போனில் நீங்களும் "வெறும் சளிதான்" என்றீர்கள். உங்கள் குரலுக்குப் பின்னால் அதே விசில் கேட்டும் சரியென்று போனை வைத்துவிட்டேன். மூன்று நாளாக நீங்கள் போனை எடுக்கவில்லை. சார்ஜ் போட மறந்திருப்பீர்கள்.

ஆய்வு வண்டி வந்துவிட்டது. இதைப் பார்த்ததும் கூப்பிடுங்கள். பாப்பா பேச வேண்டாம், மூச்சுவிட்டால் போதும்.