பன்னிரண்டு வயதுக்காரியின் சம்மதம்

இன்று நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள நம் வக்கீல் அலுவலகத்தில், தட்டச்சுப் பெண் சன்னலோரம் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் மனுவைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். உன் ஜனாஸா அடக்கம் முடிந்து எட்டு மாதமாகிறது. உன்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

ஏழு வருஷத்துக்கு முந்திய அந்தப் புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையின் வழக்கு. பன்னிரண்டு வயது, கணுக்காலுக்கு மேலே எலும்பில் புற்றுநோய். காலை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் டொக்டர். தகப்பன் கையெழுத்து வைக்க மறுத்தார். "பொம்பளப் புள்ளைங்க. ஒத்தக் காலோட யாருங்க கட்டிக்குவா?" என்று உன் முகத்தைப் பார்த்தே கேட்டார். பிள்ளையின் சித்தி நம்மிடம் ஓடி வந்தாள். பிள்ளையின் சார்பில் நீயும் நானும் மனுப் போட்டோம்.

விசாரணைக்கு முன் வார்டுக்குப் போய் அவளைப் பார்ப்போமா என்று கேட்டேன். "பன்னெண்டு வயசுப் புள்ளக்கிட்ட என்னத்த மச்சான் கேக்க? அழும், அவ்வளவுதான்" என்றாய். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. விஷயம் தெரிந்தால் பயந்து தகப்பனோடு வீட்டுக்குப் போய்விடுவாள் என்று, வார்டில் எல்லாரிடமும் வாய் திறக்க வேண்டாம் என்றோம். நீதிபதி முன்னால் "இந்தப் பிள்ளையின் குரலாக நிற்கிறேன்" என்று முழங்கினாய். அந்தக் குரலை நீயும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. உத்தரவு கிடைத்தது, எல்லாரும் கை குலுக்கினார்கள்.

அவள் காலை எடுத்து ஒரு வாரம் கழித்து வார்டுக்குப் போனோம். அவள் அழவில்லை.

"என் காலுதானே சேர், எங்கிட்ட ஏன் ஒருத்தரும் கேக்கல? கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். ஆப்பரேசனுக்கு மொத நாளு பக்கத்துக் கட்டில் அக்கா ரெண்டு கால் நகத்துக்கும் கியூடெக்ஸ் பூசிவிட்டாங்க. காலையில நர்ஸ் அதத் தொடச்சாங்க. அப்பவும் எதுக்குன்னு ஒண்ணுஞ் சொல்லல."

நீ அப்பிள் பையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாய். "அவக்கிட்ட மன்னிப்புக் கேக்கணும் மச்சான்" என்று அதன்பிறகு வருஷக்கணக்காகச் சொன்னாய். போகவில்லை. கோர்ட்டில் யாருக்கும் அஞ்சாத நீ ஒரு சிறுமிக்கு முன்னால் கோழையானாய். அவளுக்கு இப்போது பத்தொன்பது வயது. பல்லேகலவில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள்.

போன வருஷம் உன் ஈரலில் நோய் முற்றிவிட்டதை, உன்னை அறைக்குள் விட்டுவிட்டு வராந்தாவில் வைத்துத்தான் டொக்டர் எனக்கும் உன் மனைவிக்கும் சொன்னார். "அவங்களுக்குச் சொல்ல வாணாம், தாங்க மாட்டாங்க" என்றார் உன் மனைவி. நானும் தலையாட்டினேன். சட்டம் படித்தவன், அந்தப் பிள்ளையின் கட்டிலருகே நின்று அவள் கேள்வியைக் கேட்டவன், தலையாட்டினேன்.

கடைசியாக உன்னை உன் அலவத்துகொட வீட்டில் பார்த்தபோது, "உடம்பு கொஞ்சம் தேறட்டும் மச்சான். அடுத்த மாசம் அந்தப் புள்ளையப் போய்ப் பாத்துட்டு வருவம்" என்றாய். உனக்கு அடுத்த மாதம் இல்லை என்று எனக்குத் தெரியும். "போவம்" என்றேன்.

உள்ளதைச் சொல்லியிருந்தால் நீ அன்றைக்கே காரை எடுக்கச் சொல்லியிருப்பாய். உன்னைத் திட்டத்தான் எழுத உட்கார்ந்தேன், மச்சான். நான் உன்னிடம் சொன்ன அந்த "போவம்" என்ற ஒரு பொய்தான் எனக்கு மிச்சம்.