ஒரு நெல் போகும் இடைவெளி

அன்புள்ள அக்கா,

இன்று காலை டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை எழுந்து வந்து என் மூக்கில் ஒரு குத்து விட்டது. உங்கள் கடையின் வாசனை. உள்ளே நீங்கள் விற்ற ஊதா ஸ்வெட்டர். நம் மலைக்கிராமம் வில்பட்டியில் இன்று அடிக்கிற குளிரில் நான் விட்ட கொட்டாவி உறைந்து, கீழே விழுந்து, இரண்டாக உடைந்தது. மேகம் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து அடுப்போரம் உட்கார்ந்து டீ கேட்கிறது. அதனால்தான் பொன்னுத்தாயிக்கு அந்த ஸ்வெட்டரை எடுத்தேன். பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு அவள் மழையென்றும் பாராமல் வாசலுக்கு நடந்தாள்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றேன். இப்போதெல்லாம் என் மனைவியை நான் 'நீங்க' என்றுதான் சொல்கிறேன். அவளுக்குத் தெரியாத ஆள் வேறு எப்படிப் பேசுவது?

"ஸ்வெட்டர்க்கார அக்கா கடையத் தொறந்திருப்பா. ரெண்டு வார்த்தை பேசிட்டு வாரேன்."

நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு குளிர்காலமே கழிந்துவிட்டது. அதை அவளிடம் இன்னொரு முறை சொல்வதா, வேண்டாமா? யாரிடம் யோசனை கேட்கலாம் என்று நினைத்தால், நினைவுக்கு வந்ததும் நீங்கள்தான்.

அந்தக் காலத்தில் நான் ஏரிக்கரைச் சக்கரவர்த்தி. வாடகைச் சைக்கிள்கள் என் குதிரைப்படை. பாதிக்கு பிரேக் கிடையாது, மீதிக்கு மணி கிடையாது. பக்கத்துக் கடைக்கு நீங்கள் வந்தீர்கள். திபெத்தியக் குடும்பம், கர்நாடகத்துக் குடியிருப்பில் வளர்ந்தவர் என்றார்கள். எந்தப் பாஷையில் பேசுவதென்று தெரியாமல், பரதநாட்டியமே ஆடி ஜாடையில் ஸ்வெட்டர் விலை கேட்டேன்.

"ஏலே, வாயில என்ன கொழுக்கட்டையா? பேசித்தான் கேளேன்" என்றீர்கள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டே எழுந்து வந்து பேசியது போலிருந்தது.

"இந்த வெலைக்கு ஒரு ஆட்டையே வாங்கிரலாமே அக்கா!"

"வாங்கு. ஒன் பொண்டாட்டி அதைப் போத்திக்கிட்டுப் படுக்கட்டும்."

பக்கத்தில் நின்ற பொன்னுத்தாயி சிரித்த சிரிப்பில் ஏரியில் கட்டிப்போட்ட படகெல்லாம் ஆடிவிட்டது. அன்று பிடித்துக்கொண்ட சினேகம். எனக்குச் சோறு கொண்டுவருகிறேன் என்று பஸ் ஏறி வருவாள். சோற்றை என்னிடம் வீசிவிட்டு உங்கள் கடைக்குள் போய்விடுவாள். இரண்டு பேரும் என்னதான் பேசினீர்களோ, என் காது மட்டும் சாயங்காலம்வரை எரியும்.

ஸ்வெட்டர் அடுக்குக்குப் பின்னால் உங்கள் புத்தர் படம். அதன்முன் வரிசையாகப் பித்தளைக் கிண்ணங்கள். காலையில் தண்ணீர் நிரப்புவீர்கள். சாயங்காலம் ஊற்றிவிட்டு, துடைத்துக் கவிழ்த்து வைப்பீர்கள். நான் விடுவேனா?

"எங்க முருகனுக்குப் பாலு, பஞ்சாமிர்தம். ஒங்க சாமிக்குப் பச்சத் தண்ணியா? கஞ்சத்தனத்துக்கு ஒரு அளவு வேணாமா?"

"தண்ணி குடுக்கும்போது யாருக்கும் மனசு வலிக்காதுலே. அதான்."

சில நாள் அந்த வேலையைப் பொன்னுத்தாயியே செய்வாள். கிண்ணங்களை ஒட்டியும் வைக்கக் கூடாது, தள்ளியும் வைக்கக் கூடாது, நடுவில் ஒரு நெல் போகிற இடம் வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தீர்கள்.

பிறகு அவளுக்கு மறதி வந்தது. முதலில் டீயில் உப்பு. அடுத்து, எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்று தெரியாமல் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது எழுந்து நின்று, "யாருங்க? எங்க வீட்டுக்காரரு வர்ற நேரம். வெளிய உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன், அக்கா. என் வீட்டு வாசலில், குளிரில், நானே வருவேன் என்று நானே காத்துக்கொண்டிருந்தேன்.

மதுரை டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, போனது போனதுதான் என்றார். பழனிக்குப் போய் மொட்டை போட்டேன். என் மண்டையின் வெளிச்சத்தில் அடிவாரத்துக் கடைக்காரர்கள் கண் கூசிப்போனார்கள். பலன்? பொன்னுத்தாயி மொட்டையைப் பார்த்து இன்னும் மிரண்டாள். கையைப் பிடித்து, "நாந்தாண்டி ஒம் புருசன்!" என்று கத்தினேன். அவள் அலறினாள்.

உங்களிடம் வந்து அழுதேன். நீங்கள் கிண்ணத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தீர்கள்.

"இது நாளைக்கும் நிக்கும்னா நெரப்புனேன்?"

"அது தண்ணி அக்கா. இவ எம் பொண்டாட்டி."

"காலையில நெறைஞ்சு இருந்துச்சுல்ல? அது பொய்யா?"

எனக்குக் கோபம் வந்தது. கல் நெஞ்சு என்றேன். கிண்ணங்களைத் துடைத்தீர்கள். பிறகு, "அவ பக்கத்துல போயி ஒட்டாத. ஓடியும் போகாத. ஒரு நெல்லு எடம் விட்டு உக்காரு. கேட்டா உண்மையச் சொல்லு. சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிராத" என்றீர்கள்.

அப்படித்தான் உட்கார்ந்தேன். கணவன் என்ற உத்தியோகம் பறிபோனதால் தினம் ஒரு உத்தியோகம் பார்த்தேன். ஒரு நாள் கிளாவரை கிராமத்திலிருந்து முந்நூறு குதிரையில் பூண்டு ஏற்றி வந்த வியாபாரி. மறுநாள் கவுஞ்சியில் ஆள் உயரத்துக்குக் கேரட் விளைவித்து, அதைப் பிடுங்கக் கிரேன் வரவழைத்த விவசாயி. "இவரு அளக்குறதப் பாருங்க" என்று சிரிப்பாள். கல்யாணத்துக்கு முன்னால் சிரித்த அதே சிரிப்பு. மாலையில் மறந்துவிடுவாள். ஆனால் சிரித்தாள்தானே?

ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் வருவீர்கள். உங்களை மட்டும் அவள் மறக்கவே இல்லை. எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது; அந்த எரிச்சலில் ஒரு வாரத்துக்கு அடுப்பே பற்றவைக்காமல் சமைத்திருக்கலாம்.

நீங்கள் போன பிறகு உங்கள் மகள் கடையைக் காலி செய்ய வந்தபோது கிண்ணங்களை ஒரு மப்ளரில் சுற்றி என் கையில் கொடுத்தாள். "சைக்கிள்காரருக்குனு அம்மா சொன்னாங்க" என்றாள். அன்றே பொன்னுத்தாயியிடம் விஷயத்தைச் சொன்னேன். அழுதாள். இரவுக்குள் காரணம் மறந்துவிட்டது. அழுகை மட்டும் நிற்கவில்லை. அதன்பிறகு அவள் கேட்கும்போதெல்லாம் "வருவாங்க, வருவாங்க" என்றே ஓட்டிவந்தேன்.

இன்று அவள் மழையில் இறங்கிவிட்டாள். பொய் சொன்னால், ஏரிக்கரைவரை போய்ப் பூட்டின கடையைப் பார்ப்பாள். உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்து, ஒரு நெல் இடம் விட்டு நானும் உட்கார்ந்தேன்.

"அக்கா வரமாட்டாங்க. செத்துப்போயிட்டாங்க."

ஸ்வெட்டர் பொத்தான் ஒன்றைக் கழற்றினாள், மாட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க ஏன் அழுவுறீங்க? ஒங்களுக்குச் சொந்தமா?"

"எனக்கும் அக்காதான்."

"பாவம்." அந்த நெல் இடத்தை அவளே தாண்டி என் கைமேல் கையை வைத்தாள். "இங்கனயே இருங்க. எங்க வீட்டுக்காரரு சோலி முடிஞ்சு வெரசா வந்துருவாரு. ஒரு பொய்யி அவுத்து விடுவாரு பாருங்க, அழுத கண்ணு சிரிச்சிரும்."

இரண்டு பேருமாக அவருக்காகக் காத்திருந்தோம். மழை விடவில்லை. அவர் வரவில்லை. எனக்கும் சொல்வதற்குப் பொய் ஒன்றும் அகப்படவில்லை.

சாயங்காலம், உங்களைப் போலவே காலையில் நான் நிரப்பிவைத்த கிண்ணத்துத் தண்ணீரை முள்ளங்கிப் பாத்தியில் ஊற்றினேன். நான் கவிழ்த்து வைத்த வரிசையைப் பார்த்து, "இப்படியா ஒட்டி வைப்பாங்க?" என்று முணுமுணுத்தபடி ஒவ்வொன்றாக நகர்த்தினாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள்.

நாளைக் காலை வெள்ளன எழுந்து கிண்ணங்களை நிரப்ப வேண்டும், அக்கா. உங்களைக் கேட்பாள். இல்லை என்று சொல்லிவிட்டு, எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பேன். அந்தக் கை நாளைக்கும் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. இன்று அது என் கைமேல் இருந்தது.