மூன்று ஹெட்செட்டுகளும் ஒரு சுவரும்

அன்புள்ள அம்மாவுக்கு, ஜெரூஷாவின் ஸ்தோத்திரம். தாம்பரத்தில் நான் சுகம். உங்கள் முட்டுவலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா?

எங்கள் கம்பெனிக்கு, இன்னும் கடைக்கே வராத மூன்று விஆர் ஹெட்செட்டுகள் வந்தன. கண்ணை மறைத்து மாட்டிக்கொண்டால் விளையாட்டுக்குள்ளேயே நடக்கலாம். எங்கள் புது கேமை இதில் எந்த ஹெட்செட்டுக்குச் செய்யலாம் என்று முடிவெடுக்க, சோதித்துப் பார்க்கும் எங்களிடம் மதிப்பெண் கேட்டார்கள்.

முதலாவதில் படம் அவ்வளவு தெளிவு. ஆற்றைத் தாண்டுவதாக நினைத்துக் குதித்து, சுவரில் மோதிக்கொண்டேன். "அக்கா, அது நெஜ செவுரு!" என்று கத்தினாள் கூட வேலை செய்யும் சத்யபிரியா. நெற்றியில் சின்ன வீக்கம்தான், வற்றிவிட்டது. இரண்டாவது பஞ்சு மாதிரி லேசு. மூன்றாவது கனம், படமும் சுமார். அதற்குத்தான் நான் முதலிடம் கொடுத்தேன்.

மேனேஜர் கதிரேசன் சார் சிரித்தார். "ஏம்மா, கழுத்து வலிக்குதுன்னு சொன்னதே நீதானே?"

"அதுல மட்டும்தான் சார், வேற ஊர்ல இருந்து நம்மகூட விளையாடுறவங்க பக்கத்துல வந்து நிக்கிற மாதிரி இருக்கு."

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். ஆனாலும் கடைசியில் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

அம்மா, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோவிலிலிருந்து வந்ததும் வீடியோ கால் போட்டு, போனை அடுப்படியில் சாய்த்து வையுங்கள். நீங்கள் பாட்டுக்குச் சமையுங்கள், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கம்பெனி வேன் வந்துவிட்டது.

உங்கள்
ஜெரூஷா